ஆடும் கல்

எங்கள் வீட்டுத் தரையைக் கெடுத்ததும் நான்தான், சரி செய்ததும் நான்தான். கெடுத்ததற்கு யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி செய்ததற்குத்தான் நானே என்னை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

2004இல், மாசி மாதம், அம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறியதும் வீட்டைக் கழுவிவிட வேண்டும் என்பது எங்கள் பக்க வழக்கம். துக்கம் வீட்டில் தங்கக் கூடாதாம். சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்குத் தரை முழுக்கக் கடப்பா கல். அப்பா வீடு கட்டியபோது போட்டது. ஆரம்பத்தில் நல்ல கறுப்பாக இருந்திருக்கிறது. போர்வெல் தண்ணீரின் உப்புப் படிந்து படிந்து சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. அன்றைக்கு எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. சாவுக்கு வந்து காபி சரியில்லை என்று சொன்ன அத்தை மேலா, பாதியில் விட்டுவிட்டுப் போன அம்மா மேலா, தெரியாது. பாத்ரூம் கழுவ வைத்திருந்த ஆசிட் பாட்டிலை எடுத்துவந்து சமையலறை வாசலில் அப்படியே கொட்டினேன். தரை சுர்ரென்று பொங்கி நுரைத்தது. அழுக்கு போகிறது என்று நினைத்து விளக்குமாற்றால் இன்னும் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் இரண்டு கல் அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. தடவினால் சொரசொரவென்று கையைப் பிறாண்டியது.

அப்பா வந்து பார்த்தார். "விடும்மா, கல்லுதானே" என்றார். அவ்வளவுதான். அவர் ரிட்டையர் ஆன போஸ்ட்மேன். முப்பது வருஷத்துக்கு மேல் தெருத்தெருவாக நடந்தவர். கொஞ்ச காலம் குமராட்சிப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர். எந்தக் கதவைத் தட்டினாலும் அந்த வீட்டுக் கதையில் பாதியைக் கேட்டுக்கொண்டுதான் வருவார். வீட்டுக்கு வந்தபின் அவ்வளவாகப் பேச மாட்டார். வெளியிலேயே பேசித் தீர்த்துவிட்டார் என்று அம்மா கிண்டல் செய்வாள்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறேன், இங்கே அது வேண்டாம். கடலூரில், மஞ்சக்குப்பத்தில், ஓர் அலுவலகத்தில் வேலை. தம்பி குடும்பத்தோடு சென்னையில். அம்மா போனபின் வீட்டில் மிச்சம் நானும் அப்பாவும்தான். காலை ஏழேகாலுக்கு சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்புவேன். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போய், அதே மாதிரி தொங்கிக்கொண்டு திரும்பி வந்தால் மணி ஏழாகிவிடும். வீட்டுக்கதவில் உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் திறக்கிற பூட்டு போட்டிருந்தோம். சாவி என் பையில் இருக்கும்.

நான் சாவியைப் போடும்போது உள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். கூடத்து நடுவில் ஒரு கல் அடியில் மணல் இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. மிதித்தால் அந்தச் சத்தம். கதவைத் திறந்தால் அப்பா சரியாக அந்தக் கல் மேல் நின்றுகொண்டிருப்பார். எதற்கு நிற்கிறார் என்று நான் கேட்டதில்லை. "வழியில நிக்காதீங்கப்பா, நவுருங்க" என்று சொல்லிவிட்டுப் பையை வைக்கப் போவேன். அவர் நகர்ந்துகொள்வார். இது தினமும் நடந்தது.

இந்த வருஷங்களில் அப்பாவிடம் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. முட்டி வலி என்று சைக்கிளை விட்டார். கண் கூசுகிறது என்று விளக்கைப் போட வேண்டாம் என்றார். பேப்பரை நிறுத்திவிட்டு ரேடியோ போதும் என்றார். தட்டில் சாம்பாரும் பொரியலும் இருக்கிற இடம் மாறினால் மட்டும் முகம் சுருங்கும். வயசானால் பிடிவாதம் ஜாஸ்தியாகும் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரிக்குக் கண்ணில் தூசி விழுந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுகிற நான், வீட்டில் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

2010 தீபாவளிக்குத் தம்பி வந்தான். அவன் சின்னப் பெண் தரையில் உருண்டு விளையாடி, பட்டுப் பாவாடையெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புத்தூள். தம்பி தரையை ஒரு சுற்றுப் பார்த்தான். வாசலை ஒட்டி மூலை சில்லு பெயர்ந்த கல், நடுவில் ஆடுகிற கல், சமையலறை வாசலில் என் ஆசிட் திட்டு, பின்கதவு அருகே பள்ளம் விழுந்து தண்ணீர் நிற்கிற கல்.

"யக்கா, இது வீடா? அப்பா நாள் பூரா இந்தத் தரையில தனியாக் கெடக்கறாரு. வழுக்கி வுழுந்தா யாரு தூக்குவா? நீ வரதே ஏழு மணிக்கு."

"எட்டு மாசத்துக்கு ஒருக்கா வரவன் எனக்குச் சொல்ல வந்துட்டியா?"

"பொங்கலுக்கு வருவேன். அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா அப்பாவ நான் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன். சண்டைக்கு நிக்காத."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அப்பாவும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாருக்காக அடுப்பைப் பற்றவைப்பேன்? ஒரு ஆளுக்காக யாராவது ரசம் வைப்பார்களா? தரைதானே அவன் கண்ணை உறுத்துகிறது, தரையைச் சரி செய்கிறேன் பார் என்று கிளம்பினேன். அலுவலகத்தில் ஒருவர் சொல்லி, கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பாலிஷ்காரர் மிஷினோடு வந்தார். மார்கழியில் நான் ஒரு வாரம் லீவு போட்டேன். அப்பாவை எதிர்வீட்டில் உட்கார வைத்தேன்.

பாலிஷ்காரர் குந்தி உட்கார்ந்து என் வெள்ளைத் திட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஆசிட் ஊத்துனீங்களா?"

"ஏன், ஊத்தக் கூடாதா?"

"கடப்பா சுண்ணாம்பு ஜாதிக் கல்லு யக்கா. ஆசிட் பட்டா அரிச்சுடும். இது அழுக்கு இல்ல, காயம். தேய்ச்சா போவாது, மேல் தோலையே எடுக்கணும். ஊருல பாதிப் பேரு கருமாதி முடிஞ்சா இதத்தான் பண்றாங்க."

அவர் வேலை செய்கிற விதத்தில் குறை சொல்ல முடியாது. முதல் நாள் முழுக்க மிஷினையே தொடவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த பழைய பூச்சைக் கம்பியால் சுரண்டி எடுத்தார். சோப்புத்தூள் கரைத்த வெந்நீரை ஊற்றி ஊறவிட்டு, உப்புப் பொருக்கைத் தகட்டால் வழித்தார். ஆடுகிற கல்லையும் பள்ளக் கல்லையும் பெயர்த்து, அடியில் புது மணலும் சிமென்ட்டும் போட்டு, மட்டப்பலகை வைத்துப் பார்த்து உட்கார வைத்தார். சில்லு பெயர்ந்த மூலையைக் கறுப்புப் பொடி கலந்த சிமென்ட்டால் அடைத்தார். காய்ந்த பிறகுதான் மிஷின். முரட்டுக் கல்லை மாட்டி ஒரு ஓட்டு, அதைவிட நைசான கல்லை மாட்டி ஒரு ஓட்டு, இப்படியே ஐந்து முறை. தண்ணீர் ஊற்ற ஊற்றக் கறுப்புச் சேறு பெருகி வந்தது. நான் வாளி வாளியாக வாரிக் கொட்டினேன். கடைசியில் பழைய துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு அவர் துடைக்கத் துடைக்க, உள்ளேயிருந்து கறுப்பு எழுந்து வந்தது. குனிந்தால் என் முகம் தெரிந்தது. ஆறு வருஷமாகச் சமையலறை வாசலில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வெள்ளைத் திட்டு இருந்த இடமே தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதேன்.

எதிர்வீட்டிலிருந்து அப்பாவைக் கூட்டிவந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றார். அந்தக் காலைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

"எப்படிப்பா இருக்கு?"

"வழவழன்னு இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு" என்றார். சுவரில் கையை வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் சுவரோரமாகவே நடந்தார். சுவரும் அப்போதுதான் வெள்ளையடித்தது. "கை அச்சு வுழுதுப்பா, சுவத்துல கை வைக்காதீங்க" என்று கத்தினேன். கையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதே குறைந்துபோனது. சாயங்காலம் நான் கதவைத் திறந்தால் கூடத்து நடுவில் யாரும் நிற்கவில்லை. அப்பாடா, இப்போதாவது வழியை விட்டாரே என்றுகூட நினைத்தேன். இதை எழுதுகிற கையை வெட்டினால் என்ன என்று இருக்கிறது.

பொங்கலன்று பின்பக்கக் கிணற்றடியில் அடுப்பு மூட்டிப் பானை வைத்தோம். தம்பி வந்ததும் தரையைப் பார்த்து, "யக்கா, சும்மா சொல்லக் கூடாது, பிரமாதம்" என்றான். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். பால் பொங்கி வருகிற நேரம். அப்பா முன்பக்கம் நாற்காலியில் இருந்தார். "அப்பா, சீக்கிரம் வாங்க, பொங்குது" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தேன். எல்லோரும் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பொங்கி வழிந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். வீட்டுக்குள்ளிருந்து அப்பா குரலும் கேட்டது, "பொங்கலோ பொங்கல்" என்று. ஆனால் ஆள் வரவில்லை.

தம்பி பெண் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "தாத்தா பீரோகிட்ட சொல்றாரு."

நாங்கள் உள்ளே போனோம். அப்பா கூடத்து மூலையில், பீரோவைப் பார்த்தபடி, இரண்டு கையையும் கும்பிட்டு வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பின்கதவு அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தது. எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் திரும்பி, ஆள் இல்லாத பக்கம் பார்த்துச் சிரித்தார். தம்பி அவர் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினான். அப்பா இமைக்கவில்லை. வீடு முழுக்க நெய் வாசனை.

டாக்டர் சொன்னார், கண்ணில் பிரஷர், மெதுமெதுவாகத்தான் போயிருக்கும், குறைந்தது நாலு வருஷமாக ஆகியிருக்கும், இனிமேல் திரும்ப வராது என்று. "இத்தன வருஷம் எப்படிய்யா நடமாடுனீங்க?" என்று அவரே ஆச்சரியமாகக் கேட்டார்.

"காலுதாங்க" என்றார் அப்பா. "சில்லுக் கல்லுன்னா வாசல். டொக்குன்னா பாதி வீடு வந்தாச்சு. சொரசொரன்னு இருந்தா வலது பக்கம் சமையல்கட்டு. பள்ளம்னா கிணத்தடி. எங்க பொண்ணு நல்லா பாலிஷ் போட்டுச்சு, அதுல கொஞ்சம் வழி தவறிப் போச்சு."

என்னைக் குறை சொல்கிற தொனி அதில் துளியும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. தம்பி அதே வாரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனான். நான் சண்டைக்கு நிற்கவில்லை. எந்த வாயால் நிற்பது?

அதன் பிறகு நான் மட்டும். ஒரு ஆளுக்கு ரசம் வைக்க முடியாது என்று தெரிந்துகொண்டேன். வைத்தால் மூன்று நாளைக்கு அதே ரசம். கோலம் போட்டேன், விளக்கேற்றினேன், ரேடியோவைப் போட்டுவிட்டுக் கேட்காமல் இருந்தேன். தரை மட்டும் பளபளவென்று கிடந்தது. எங்கே குனிந்தாலும் என் மூஞ்சி. அப்பாவுக்கு வாரத்துக்கு ஒருமுறை போன் செய்தால், "நல்லாருக்கேம்மா, நீ சாப்டியா?" என்பார். சாப்பிட்டேன் என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேசத் தெரியாது.

2011 கடைசியில் அடித்த புயலில் கடலூர்ப் பக்கம் மரமெல்லாம் படுத்துவிட்டது. பஸ் இல்லை, கரண்ட் இல்லை, அலுவலகமும் இல்லை. நாலைந்து நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். ஒரு மத்தியானம் சும்மா கண்ணை மூடிக்கொண்டு வாசலிலிருந்து கிணற்றடிக்கு நடந்து பார்த்தேன். ஆறாவது அடியில் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. எட்டாவது அடியில் பீரோவில் இடித்துக்கொண்டேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாசியில் அம்மாவுக்குத் திவசம். அப்பா வருவார். அதற்குள் அவர் வழியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இங்கேயே தங்கிவிடுவார் என்று பட்டது. வேறு எதையும் நான் அப்போது யோசிக்கவில்லை.

பாலிஷ்காரருக்குப் போன் செய்தேன். வந்து தரையைப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்குதே, நல்லாத்தானே வச்சிருக்கீங்க" என்றார்.

"நாலு இடத்துல பழையபடி ஆக்கணும்."

"என்னது?"

"நடுக் கல்லு ஆடணும். பின்னாடி பள்ளம் வுழணும். வாசக் கல்லுல மூலை பேரணும்."

"யக்கா, நான் போட்ட வேலய நானே கெடுக்கவா? நாளைக்கு எவனாவது பாத்தா எம் பேரு என்னாவும்?"

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். பாலிஷ்காரர் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு பையிலிருந்து உளியை எடுத்தார். நடுக் கல்லைச் சுற்றி இருந்த பூச்சை வெட்டி எடுத்து, கல்லைத் தூக்கி, ஒரு பக்கம் மட்டும் மணலை வழித்துவிட்டு வைத்தார். மிதித்தால் ஆடியது, சத்தம் வரவில்லை. மறுபடி தூக்கி இன்னும் கொஞ்சம் வழித்தார். நாலாவது தடவைதான் அந்த 'டொக்' வந்தது. "இதுவா?" என்றார். இன்னும் கொஞ்சம் கனமான சத்தம் என்றேன். சலித்துக்கொள்ளாமல் மறுபடி தூக்கினார். எல்லாம் முடிந்ததும், "ஆசிட் மட்டும் நான் ஊத்த மாட்டேன், எனக்கு மனசு வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதை நானே செய்தேன். அதே மாதிரி பாட்டில். சமையலறை வாசலில் அதே இரண்டு கல். இந்தத் தடவை கோபமாகக் கொட்டவில்லை, கிண்ணத்தில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். கல் பொங்கியது. கழுவிவிட்டு வெறுங்காலால் தேய்த்துப் பார்த்தேன். நன்றாகச் சொரசொரத்தது.

திவசத்துக்கு முதல் நாள் காலையில் தம்பி காரில் அப்பாவைக் கூட்டிவந்தான். கையைப் பிடிக்கப் போன தம்பியை நான் தடுத்தேன். அப்பா செருப்பைக் கழற்றினார். கட்டை விரல் சில்லு பெயர்ந்த மூலையில் பட்டது. நின்றார். ஒரு மூச்சு விட்டார். பிறகு கையை நீட்டாமல், சுவரைத் தேடாமல், நேராக நடந்தார். நடுவில் 'டொக்'. அங்கே நின்று, காலை எடுத்து, வேண்டுமென்றே இன்னொரு தடவை மிதித்தார். 'டொக்'. சொரசொரப்பில் கால் பட்டதும் சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, "காபி இருக்கா?" என்றார். பள்ளத்தைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். தம்பி வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் திவசம் முடிந்து சாப்பிட்ட பிறகு அவனே சொன்னான், "சரிக்கா. அப்பா இங்கயே இருக்கட்டும்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இல்லடா, நான் ஒங்கூடவே வரேன்" என்றார் அப்பா.

"ஏம்பா? வழி சரியா இல்லையா? எதுனா மாறிப் போச்சா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"வழி அச்சு அசலா இருக்கும்மா. மொதக் கல்லுலயே தெரிஞ்சு போச்சு, எவ்ளோ கஷ்டப்பட்டுருப்பன்னு. ஆனா போஸ்ட்மேனுக்கு வழி மட்டும் தெரிஞ்சா போதுமா? கதவத் தொறக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்ல."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"அங்க மூணரை மணிக்குப் பிள்ளைங்க ஸ்கூல் வுட்டு வந்து பெல் அடிக்கும். நான்தான் போயித் தொறக்கறேன். பதினாலு அடி. ரெண்டும் ஒரே நேரத்துல பேசும். யார அடிச்சான், என்னா மார்க்கு, எல்லாம் மொதல்ல எங்கிட்டதான். இங்கயும் சாயங்காலம் ஒஞ் செருப்புச் சத்தம் தெருவுல கேட்டதும் எந்திரிப்பேன், தொறக்கலாம்னு. நடுக் கல்லுகிட்ட வரதுக்குள்ள நீயே தொறந்துடுவ. ஒன்னயக் குத்தம் சொல்லலம்மா, ஒனக்கு அலுப்பு."

சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தேன். சாயங்காலம் அவர் கிளம்பும்போது, வீட்டு வாசலிலிருந்து காருக்கு மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமாகத்தான் பிடித்திருந்தார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். போகாமல் வீட்டில் என்ன செய்வது? பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, ஆலப்பாக்கம் தாண்டிய பிறகும் நின்றுகொண்டேதான் வந்தேன். தெரு திரும்பியதும் செருப்பைக் கொஞ்சம் தேய்த்து நடந்தேன். வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டில் போடாமல், ஒரு ஆள் நாற்காலியிலிருந்து எழுந்து கதவு வரைக்கும் நடந்து வருகிற நேரம் நின்றேன். பிறகு நானே திறந்துகொண்டு உள்ளே போனேன். நடுக் கல்லில் என் கால் பட்டு 'டொக்' என்றது.